வெயில் ஊர்க்காரர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருக்கிறார்களா?

கேள்வி: "வருடத்தில் பாதிக்கு மேல் மேகமூட்டமாகவே இருக்கும் ஊருக்கு வேலை மாற்றலாகிப் போக வேண்டியிருக்கிறது. அங்கே போனால் மனசு சோர்ந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வெயில் அடிக்கும் ஊரில் இருப்பவர்கள் உண்மையிலேயே அதிக மகிழ்ச்சியாக இருக்கிறார்களா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு உடம்பு சுறுசுறுப்பாக இருக்கிறதா, தூக்கம் சரியாக வருகிறதா, காலையில் எழுந்திருக்கப் பிடிக்கிறதா என்பதையெல்லாம் வெளிச்சம் மாற்றும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'என் வாழ்க்கை நன்றாக இருக்கிறது' என்கிற மொத்தத் திருப்தி இருக்கிறதே, அதை வானம் தீர்மானிப்பதில்லை. இது இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்கள். நான் வெயில் காயும் ஊரிலும் இருந்திருக்கிறேன், இப்போது மாதக்கணக்கில் மந்தாரமாகக் கிடக்கும் ஊரில் இருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வெறும் படிப்பு விஷயம் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் திருப்தி விஷயம். டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்கிற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா என்றாலே வெயில், கடற்கரை, ஆனந்தம் என்று ஒரு எண்ணம் உண்டு. நடுமேற்கு மாநிலங்களோ குளிருக்குப் பேர்போனவை. இரண்டு பகுதிப் பல்கலைக்கழக மாணவர்களிடமும் 'உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தி?' என்று கேட்டார்கள். பதில் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் 'உங்களைப் போன்ற ஒருவர் அந்தப் பகுதியில் இருந்தால் எப்படி இருப்பார்?' என்று கேட்டபோது, இரண்டு பக்கத்தவருமே கலிபோர்னியாக்காரர்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார் என்றார்கள். அங்கேயே வாழ்கிறவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள்! காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஓர் ஊரைத் தூரத்திலிருந்து யோசிக்கும்போது அதன் வானிலை மட்டும்தான் கண்ணில் பெரிதாகத் தெரியும். குடிபோன பிறகு மேலதிகாரி, வாடகை, முட்டிவலி, பிள்ளையின் பரீட்சை, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே நாள் போய்விடும். வானத்தை நிமிர்ந்து பார்க்க யாருக்கு நேரம்?

உலக மகிழ்ச்சி அறிக்கையையும் பாருங்கள். 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு முறை முதலிடத்தில் இருப்பது பின்லாந்து. அந்த நாட்டின் வடகோடியில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் உதிப்பதே இல்லை. தெற்கே தலைநகர் ஹெல்சிங்கியில்கூட டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதிலும் பெரும்பாலும் மூட்டம். முன்வரிசையில் வரும் டென்மார்க்கும் ஐஸ்லாந்தும் வெயிலுக்குப் பேர் வாங்கிய நாடுகள் இல்லை. அங்கே மக்களுக்கு அரசு மேல் நம்பிக்கை இருக்கிறது, வேலை போனாலும் வயிறு காயாது என்ற தெம்பு இருக்கிறது, அக்கம்பக்கத்தாரை நம்ப முடிகிறது. இதெல்லாம் சேர்ந்தால் மேகம் பெரிதாகத் தெரியாது.

இங்கே ஒருவர் 'வெயில் நாளில் கேட்டால் மக்கள் தங்கள் வாழ்க்கையை உயர்வாக மதிப்பிடுகிறார்கள், இது நிரூபணமான விஷயம்' என்பார். அவர் நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் க்ளோர் இருவரும் 1983-இல் வெளியிட்ட தொலைபேசி ஆய்வைச் சொல்கிறார். வெயில் நாளில் கூப்பிட்டால் திருப்தி அதிகம், மழை நாளில் குறைவு என்று அதில் வந்தது உண்மைதான். ஆனால் பேச்சின் ஆரம்பத்தில் 'அங்கே வானிலை எப்படி?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அந்த வித்தியாசம் மறைந்துபோனது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. 'ஓ, இந்தச் சலிப்பு மழையால் வந்தது' என்று தெரிந்ததும் அதைத் தூக்கி வாழ்க்கை மேல் போடாமல் நிறுத்திக்கொள்கிறார்கள். இதைவிட முக்கியம், 2013-இல் ரிச்சர்ட் லூகாஸ், நிக்கோல் லாலெஸ் இருவரும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை எடுத்து, பதில் சொன்ன நாளின் வானிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாழ்க்கைத் திருப்திக்கும் வானிலைக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. சிறிய ஆய்வுக்கும் இவ்வளவு பெரிய தரவுக்கும் முரண்பாடு என்றால் நான் பெரியதைத்தான் நம்புவேன்.

சரி, அப்படியானால் வெளிச்சம் ஒன்றுமே செய்யாதா? நிறையச் செய்யும். அங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

நம் விழித்திரையில் காட்சியைப் பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட செல்களும் இருக்கின்றன. மெலனாப்சின் என்கிற நிறமி கொண்ட அந்தச் செல்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்று 2002-இல்தான் உறுதியானது. நீல ஒளிக்குத்தான் அவை அதிகம் துள்ளி எழும். மூளைக்குள் நம் உடல் கடிகாரம் இருக்கும் இடத்துக்கு அவை நேரடியாகச் செய்தி அனுப்பும். காலையில் போதுமான வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் கடிகாரம் சரியாக ஓடும், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது அடங்கும், இரவில் சரியான நேரத்துக்குத் தூக்கம் வரும். வெளிச்சம் போதவில்லை என்றால் கடிகாரம் பின்தங்கும். உடம்பு இன்னும் விடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது நாம் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்போம். மேகமூட்டமான ஊரில் முதலில் வருவது பெரும்பாலும் சோகம் இல்லை, இந்த மந்தம்தான். பிறகு அதன் மேல் சோகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற மூளை ரசாயனத்தின் பக்கமும் சான்று உண்டு: ஆஸ்திரேலியாவில் 101 ஆண்களின் கழுத்து ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. மூளையில் செரடோனின் உற்பத்தி குளிர்காலத்தில்தான் மிகக் குறைவு, அன்றைக்கு எவ்வளவு நேரம் நல்ல வெயில் அடித்ததோ அதற்கேற்ப ஏறுகிறது என்று அதில் தெரிந்தது.

இப்போது நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது. மேகமூட்டம் வேறு, இருட்டு வேறு. நமக்குப் பிரச்சினை மேகம் இல்லை, கூரை.

நம்பவில்லை என்றால் கைபேசியில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிப் பாருங்கள், துல்லியமாக இருக்காது என்றாலும் விஷயம் புரிந்துவிடும். ஒரு மந்தாரமான நடுப்பகலில் நான் என் மேசையில் வைத்து அளந்தேன், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தும் இருநூற்றுச் சொச்சம்தான் காட்டியது. சன்னலோரம் கொண்டுபோனதும் ஆயிரத்தைத் தாண்டியது. கதவைத் திறந்து வெளியே போய், சாம்பல் பூசினாற்போல் கிடந்த அந்த வானத்துக்கு நேரே திருப்பினேன், பத்தாயிரத்தை நெருங்கிவிட்டது. நல்ல உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும், அது உண்மை. ஆனால் 'இன்றைக்கு வெளிச்சமே இல்லை' என்று நாம் அலுத்துக்கொள்ளும் வானத்தின் கீழேகூட வீட்டுக்குள் இருப்பதைப் போல் முப்பது நாற்பது மடங்கு வெளிச்சம் இருக்கிறது. கண் உடனே பழகிக்கொள்வதால் நமக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. வெயில் ஊரில் இருந்துகொண்டு ஏசி அறைக்குள் திரையை இழுத்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரைவிட, மேக ஊரில் காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவரின் கண்ணுக்கு அதிக வெளிச்சம் கிடைத்திருக்கும்.

மாத்யூ கெல்லர் குழுவினரின் 2005 ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. வசந்த காலத்தில் இதமான வானிலை மனநிலையை உயர்த்தியது, ஆனால் வெளியே நேரம் செலவழித்தவர்களுக்கு மட்டும்தான். கோடையில் வெக்கை ஏறியபோது அந்தப் பலன் தலைகீழானது.

வெக்கை என்றதும் இதையும் சொல்ல வேண்டும், வெயில் ஊர் என்றால் சொர்க்கம் என்று நினைப்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை. மாதச் சராசரி வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் தற்கொலை விகிதம் அமெரிக்காவில் 0.7 சதவீதமும் மெக்சிகோவில் 2.1 சதவீதமும் கூடுவதாக 2018-இல் மார்ஷல் பர்க் குழுவினர் பல பத்தாண்டுத் தரவுகளை வைத்துக் காட்டினார்கள். அதே போல, பல நாடுகளில் தற்கொலைகள் உச்சத்தைத் தொடுவது இருண்ட குளிர்காலத்தில் அல்ல, வெளிச்சம் கூடிவரும் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும். 'வெயில் வந்துவிட்டது, இனி சரியாகிவிடுவார்' என்று சோர்ந்திருப்பவரைத் தனியே விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நோய் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பாதிக்கப்படுபவர்களும் உண்டு. பருவகால மனச்சோர்வு என்பதை 1984-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் இருந்த நார்மன் ரோசந்தால் குழுவினர்தான் முதலில் முறையாக விவரித்தார்கள். அவரே வெயில் நிறைந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா வந்து, குளிர்காலத்தில் தனக்கே வேகம் குறைவதைக் கவனித்தவர். இதன் அடையாளங்கள் சாதாரண மனச்சோர்விலிருந்து கொஞ்சம் வேறுபடும்: தூக்கம் குறையாமல் கூடும், மாவுப் பண்டங்கள் மேல் ஆசை வரும், எடை ஏறும், கை கால் கனத்துக் கிடக்கும், ஆட்களைப் பார்க்கவே பிடிக்காது. வருடா வருடம் அதே பருவத்தில் வந்து அதே பருவத்தில் விலகும். கோடையில் வருகிற வகையும் இருக்கிறது, அதில் தூக்கமும் பசியும் குறைந்து படபடப்பு ஏறும். இப்படி இருப்பவரிடம் 'வானிலைக்கெல்லாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்' என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அது பிடிவாதமோ சோம்பலோ இல்லை.

இதற்கு ஒளிச்சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. 10,000 லக்ஸ் தரும் வெள்ளை ஒளிப் பெட்டியைக் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டு ஏதாவது வாசிப்பது, அவ்வளவுதான். புற ஊதாக் கதிரை வடிகட்டிய பெட்டியாக இருக்க வேண்டும். இருதுருவ மனநோய் இருப்பவர்கள், விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது; முதல் வகையினருக்கு அது மிகையெழுச்சியை, அதாவது கட்டுக்கடங்காத அதீத உற்சாக நிலையைத் தூண்டிவிடலாம்.

வைட்டமின் டி மாத்திரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். 18,000-க்கும் மேற்பட்ட நடுத்தர, முதிய வயதினரை ஐந்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது, மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கவில்லை. எலும்புக்காக, குறைபாடு இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் சாப்பிடுங்கள். மனசுக்கு வேண்டியது கண் வழியாகப் போகும் வெளிச்சம், அது வேறு கணக்கு.

இன்னொன்று, ஆளுக்கு ஆள் இது மாறும். நெதர்லாந்தில் இளவயதினரையும் அவர்களுடைய அம்மாக்களையும் வைத்து 2011-இல் வந்த ஆய்வில், கோடையால் உற்சாகமாகிறவர்கள், கோடையால் எரிச்சலாகிறவர்கள், மழையால் சோர்கிறவர்கள், எதற்கும் அசையாதவர்கள் என்று நான்கு வகை தெரிந்தது. ஏறத்தாழ பாதிப் பேர் அந்தக் கடைசி வகை. அம்மாவும் பிள்ளையும் ஒரே வகையாக இருப்பதும் ஓரளவு தென்பட்டது. அதனால் உங்களைப் பயமுறுத்தும் நண்பரின் அனுபவம் பொய் இல்லை, ஆனால் அது அவருடையது. உங்கள் பழைய மழைக்காலங்களை நினைத்துப் பாருங்கள். தொடர்ந்து மந்தாரமாக இருந்த நாட்களில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்? அப்புறம் உங்கள் பெற்றோர், கூடப் பிறந்தவர்கள்? மற்றவர்கள் சொல்வதைவிட இது நல்ல துப்பு.

மனப்போக்குக்கும் பங்கு இருக்கிறது. நார்வேயின் ட்ரோம்சோ நகரத்தில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. அங்கே போய்த் தங்கி ஆராய்ந்த காரி லைபோவிட்ஸ், வடக்கே போகப் போக மக்கள் குளிர்காலத்தை அதிக நல்லெண்ணத்தோடு பார்ப்பதைக் கவனித்தார். தாங்கிக்கொள்ள வேண்டிய பருவமாக இல்லாமல், அதற்கே உரிய சந்தோஷங்கள் உள்ள பருவமாக அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் மனப்போக்கு மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதே நார்வேயில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ருகான் என்ற சிறு நகரத்துக்கு வருடத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் நேர் வெயிலே விழாது. 2013-இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, அவை சூரியனோடு திரும்பி ஊர்ச் சதுக்கத்தில் வெயிலைப் பாய்ச்சும்படி செய்தார்கள். முதல் நாள் அந்த வெளிச்ச வட்டத்துக்குள் நிற்க ஊரே திரண்டது.

ஆகவே வானத்தை மட்டும் பார்த்து நல்ல வேலையை விடாதீர்கள். சம்பளம், கூட வேலை செய்யும் ஆட்கள், போக வர ஆகும் நேரம், தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். போவதென்று முடிவானால் வீடு பார்க்கும்போது படுக்கையறைச் சன்னல் கிழக்கே பார்த்திருக்கிறதா, எதிரே உயரமான கட்டடம் மறைக்கிறதா என்று பாருங்கள். கனடாவில் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் இருந்த நோயாளிகளில் வெயில் விழும் அறைக்காரர்கள் சராசரியாக 16.9 நாளிலும் மங்கலான அறைக்காரர்கள் 19.5 நாளிலும் வீடு திரும்பியதாக 1996-இல் ஓர் ஆய்வு வந்தது, அதனால் சன்னலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மேசையைச் சன்னலோரம் போடுங்கள். காலையில், மேகமாக இருந்தாலும், வெளியே நடங்கள், கறுப்புக் கண்ணாடி வேண்டாம். முதல் வருடம் பகல் குறைய ஆரம்பிக்கும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள், சோர்வு வந்த பிறகு வெளியே கிளம்புவது ரொம்பக் கஷ்டம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் பருவம் மாறட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.