'கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஒன்றும் சொல்வதில்லை!' கவுன்சலிங்கை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்ததும் எட்டு வயது மகனிடம் எரிந்து விழுகிறேன். இரண்டு முறை அடித்தும்விட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்க அழுகை. தோழி சொல்லி ஒரு மனநல ஆலோசகரிடம் நான்கு முறை போனேன். அன்பாகத்தான் பேசுகிறார். ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே தவிர, 'இப்படிச் செய்யுங்கள்' என்று ஒன்றும் சொல்வதில்லை. ஒரு முறைக்கு ஆயிரம் ரூபாய். இதற்குத் தோழியிடமே பேசிவிடலாமே? இல்லை, கணவரையும் அழைத்துக்கொண்டு போகட்டுமா?

பதில்: இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். இப்படியே தொடரவும் வேண்டாம்.

'குழந்தையிடம் பொறுமையாக இரு' என்பது உங்களுக்குத் தெரியாததா? அம்மா சொல்லியிருப்பார், தோழி சொல்லியிருப்பார், வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வந்து விழுகிறது. தெரிந்தும் செய்ய முடியவில்லை என்பதுதானே உங்கள் சிக்கல். அங்கே இன்னொரு அறிவுரை போய் என்ன செய்யும்?

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிநோயாளிகளோடு வேலை செய்தபோது ஒன்றைக் கவனித்தார். 'விடு, விடு' என்று நெருக்க நெருக்க, விட முடியாததற்கான காரணங்களை அவர்களே அடுக்க ஆரம்பித்தார்கள். நெருக்காமல் கேட்டால், விட வேண்டியதன் காரணங்கள் அவர்கள் வாயிலிருந்தே வந்தன. 1983இல் இதைப் பற்றி எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அதைத் தனி சிகிச்சை முறையாகவே வளர்த்தார். நம் வீடுகளில் குடிக்கிற ஆளிடம் சண்டை போட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஆக, கேட்பது நல்லதுதான். ஆனால் எப்படிக் கேட்கிறார் என்பது முக்கியம். உங்களைப் போன்ற ஒருவர் வந்தால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"நேற்று கத்தினீர்களே, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது?"

"ஒன்றும் இல்லை. ஹோம்வொர்க் எழுதாமல் உட்கார்ந்திருந்தான்."

"அதற்கும் முன்னால்?"

ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தது, கைப்பையைக் கூட வைக்காமல் அடுப்படிக்குப் போனது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாதது, மேனேஜர் போனில் பேசிய தொனி, தாடை இறுகியிருந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். கோபம் மகனிடம் ஆரம்பிக்கவில்லை, அவனிடம் வந்து முடிந்திருக்கிறது.

சரி, வந்தவுடன் பத்து நிமிடம் டீயோடு உட்கார்ந்துவிட்டு அப்புறம் மற்ற வேலை என்று வைத்துக்கொள்ளலாமா என்று ஆலோசகர் கேட்பார். இந்த யோசனையை யாரும் தருவார்கள். வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. "உட்கார்ந்தால் மாமியார் என்ன நினைப்பார்?" என்பீர்கள். அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டால், யோசித்துவிட்டு, "சொன்னதில்லை. ஆனால் எங்கம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை" என்பீர்கள். அந்த இடத்தில் ஒரு நல்ல ஆலோசகர் அவசரப்படாமல் நிற்பார். பத்து நிமிடம் உட்காருவதைத் தடுப்பது நேரமின்மையா, 'நல்ல மருமகள் உட்காரமாட்டாள்' என்ற எண்ணமா என்று இருவருமாகப் பார்ப்பீர்கள். பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார். நடந்ததை ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வரச் சொல்வார். அடுத்த முறை பேச்சு அந்த நோட்டிலிருந்து தொடங்கும்.

தோழியிடம் இது நடக்காது. அவர் உங்கள் பக்கம். "உன் மாமியார் அப்படித்தான்டி" என்று முடித்துவிடுவார். அந்த நேரத்துக்கு ஆறுதல்தான்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் எங்கள் துறையில் பயன்படுகிறது. எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்ற இரண்டிலும் இருவருக்கும் உடன்பாடு இருக்க வேண்டும். நம்பிக்கையான உறவும் வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உறவு அமைந்துவிட்டது, முதல் இரண்டும் பேசப்படவே இல்லை. அடுத்த முறை போனதும், "நாம் எதை மாற்றப் பார்க்கிறோம்? இரண்டு மாதத்தில் என்ன வித்தியாசம் தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். அறிவுரை வராதது ஏமாற்றமாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். மனம் புண்படுமோ என்று தயங்காதீர்கள். எரிச்சலை அடக்கிவைத்து வேறிடத்தில் கொட்டுவதுதானே உங்கள் பிரச்சினை? எரிச்சலை உரிய ஆளிடமே சொல்லிப் பழக அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. நல்ல ஆலோசகர் அதை வைத்தே பேச்சை நகர்த்துவார். முகம் சுருங்கினாலோ, மழுப்பினாலோ, வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று: மகனை அடித்ததை அவரிடம் சொன்னீர்களா? எனக்கு எழுத முடிந்ததை நேரில் சொல்லத் தயங்கியிருக்கலாம். சொல்லிவிடுங்கள். அவர் உங்களைத் திட்டமாட்டார். 'பரவாயில்லை' என்று தட்டிக்கொடுத்து விட்டுவிடவும் கூடாது.

அவருடைய படிப்பைக் கேட்பதும் உங்கள் உரிமை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். பணம்தான் தடை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அழுகை வாரக்கணக்கில் நீடித்தாலோ, தூக்கமும் பசியும் போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ மனநல மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

கணவரை இப்போது கூட்டிப்போக வேண்டாம். முதலில் மேலே சொன்னதைப் பேசி முடியுங்கள். பிறகு அவர் வருவதானால், அவர் முன்னால் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.