கற்பனை உலகத்துக்குப் பண்டிகை அமைப்பது எப்படி?

செட்டிநாட்டுச் சாயலில், இரண்டு நிலா உள்ள உலகத்துக்குப் பண்டிகை எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நாளை முடிவு செய்யுங்கள். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் பிள்ளையார் நோன்பு, திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் வரும். உங்கள் இரண்டு நிலாக்களையும் அப்படிக் கூட்டலாம். ஆனால் கணக்குப் பாருங்கள். 24, 30 நாள் சுற்று என்றால் 120 நாளுக்கு ஒருமுறை இரண்டு பௌர்ணமியும் சேரும். 29, 31 என்றால் 899 நாள் ஆகும். "ஆண்டுதோறும்" என்று எழுதியிருந்தால் அங்கேயே இடிக்கும்.

சடங்கில் கையும் வாயும் வேலை செய்ய வேண்டும். நோன்பன்று புதுத்துணியிலிருந்து எடுத்த 21 இழையைத் திரியாக்கி, இழைமாவு என்னும் இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு விழுங்குவார்கள். கொடுப்பவர் வீட்டுப் பெரியவர். தீ, இனிப்பு, மூப்பு மூன்றும் ஒரே கவளத்தில்! வெறும் விளக்கு வரிசையும் தெய்வக் கதையும் இந்த அழுத்தத்தைத் தராது.

முறை யாருக்கு முதலில் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலோர் விடுவது இதைத்தான். தைப் பொங்கலை அடுத்த செவ்வாயன்று நகரத்தார் கூடி வைக்கும் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலில் பானை வைக்கும் வரிசையைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். உங்கள் ஊரில் சீட்டா, வயதா, பணமா? கதையின் சண்டை அங்கிருந்தே கிளம்பும்.