காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம்

கேள்வி: என் கணவருக்கு ஏபி பொசிட்டிவ். 2017இல் டெங்கு வந்து பிழைத்தவர். ஏபி இரத்தக்காரரையும் ஆசியரையும் வைரஸ் கூடுதலாகத் தாக்கும் என்று ஃபோனில் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அவரோ மேல் சுட்டாலே டிக்லோபெனாக் போடுகிறார்.
- வாசகி, உப்புவெளி

பதில்: அந்த டிக்லோபெனாக் அட்டையை முதலில் எறியுங்கள். டெங்குவில் பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் சிறு அணுக்கள்) குறையும் நேரத்தில் அது இரைப்பையில் இரத்தம் கசிய வைக்கும். புரூபன், அஸ்பிரினும் அப்படித்தான். காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) 500 மில்லிகிராம் 2 வில்லை, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நாளுக்கு 8 வில்லைக்கு மேல் கூடாது.

ஏபி வகையினருக்கு டெங்கு கடுமையாவது சற்றுக் கூடுதல் என்று யாழ்ப்பாணத்து ஆய்வொன்றும் சொன்னதுண்டு. ஆனால் ஓ வகைக்காரரும்தான் இரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலைக்குப் போகிறார்கள். இரத்த வகை பார்த்து எந்த வார்ட்டிலும் சேலைன் அளவை மாற்றுவதில்லை. ஆசியர் கதை, நியாண்டர்தால் என்ற அழிந்துபோன ஆதி மனித இனத்திடமிருந்து வந்த மரபணுத் துண்டைப் பற்றியது. தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது உண்டு. கொவிட் கடுமையாவதோடுதான் அதற்குத் தொடர்பு. டெங்குவோடு யார் முடிச்சுப் போட்டார்களோ!

உங்கள் கணவர் விஷயத்தில் கனமானது அந்த 2017தான். டெங்கு வைரஸில் 4 வகை. ஒன்று வந்து போனவரை வேறொன்று தொற்றினால், பழைய எதிர்ப்புப் புரதமே புது வைரஸைக் கலத்துக்குள் ஏற்றிவிடக்கூடும். அதனால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் 3ஆம் நாளிலிருந்து தினமும் எஃப்பிசி (முழு இரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை) எடுக்க வேண்டும். பிளேட்லெட் 1 இலட்சத்துக்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். எல்லோரும் பிளேட்லெட்டையே பார்க்கிறார்கள். பிசிவி, அதாவது இரத்தத்தில் செங்கலங்களின் பங்கு, ஏறுகிறதா என்றும் கேளுங்கள். ஏறினால் இரத்த நாளத்திலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம்.

அந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும்; 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். ‘சூடு விட்டுட்டுது, குளிச்சிட்டு வேலைக்குப் போறன்’ என்பார்கள். அன்றுதான் கையைத் தொட்டுப் பாருங்கள். கை கால் குளிர்ந்து, வயிறு விடாமல் வலித்து, வாந்தி நிற்காமல், ஆள் சோர்ந்து கிடந்தால், அல்லது 6 மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவோடு இரவாகப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அதுவரை கஞ்சி, ஜீவனி (உப்பு-சர்க்கரைக் கரைசல்), இளநீர் கொடுங்கள்; வெறும் தண்ணீர் மட்டும் போதாது. நெக்டோ போன்ற சிவப்புச் சோடா, பீட்ரூட் சாறு வேண்டாம், வாந்தியில் வருவது இரத்தமா சாயமா என்று தெரியாது. பப்பாசி இலைச்சாறும் வேண்டாம்; அதைக் குடித்து வாந்தியெடுத்தால், நோயின் வாந்தி எது சாற்றின் வாந்தி எது என்று எங்களால் பிரிக்க முடியாது.