செஸ் ஒலிம்பியாட்டில் தன்னார்வலராகச் சேர்ந்தால் அரங்குக்குள் என்ன வேலை இருக்கும்? செஸ் நன்றாக ஆடத் தெரிய வேண்டுமா?

நன்றாக ஆடத் தெரியத் தேவையில்லை. காய்களை அடுக்கவும், எந்த மேசையில் வெள்ளை எந்தப் பக்கம் என்று சட்டென்று சொல்லவும் தெரிந்தால் போதும். பலரும் சறுக்குவது இந்த இரண்டாவதில்தான்.

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44வது ஒலிம்பியாட்டையே எடுத்துக்கொள்வோம். ஓபன், பெண்கள் இரண்டு பிரிவும் சேர்ந்து ஒரே நேரத்தில் சுமார் 700 பலகைகள். ஓர் அணியின் நான்கு பேரும் ஒரே பக்கம் வரிசையாக உட்காருவார்கள். எந்த அணி எதனுடன் மோதும் என்ற பட்டியலில் முதலில் பெயர் வரும் அணிக்கு 1, 3ஆம் பலகைகளில் வெள்ளை. 2, 4இல் கறுப்பு. ஆக, மேசைக்கு மேசை வெள்ளை பக்கம் மாறும். வேகமாக ஒரே பக்கம் அடுக்கிக்கொண்டே போனால் பாதிப் பலகைகள் தப்பு. பலகையைத் திருப்பும்போது கடிகாரத்தை மறந்துவிடுவது அடுத்த தப்பு. தொடங்கும் முன் கடிகாரத்தின் விசை (ஒருவர் அழுத்தினால் எதிராளியின் நேரம் ஓடும்) கறுப்பின் பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவர் ஓடவிட்டதும் கறுப்பின் நேரம் கரையும்.

பெயர்ப்பலகையை முதல் நாளே வைத்துவிட முடியாது. அணியில் 5 பேர், ஆடுவது 4 பேர். யார் என்று அணித் தலைவர் பட்டியல் கொடுத்த பிறகுதான் தெரியும்.

நகர்த்தல்களைத் தானாக இணைய நேரலைக்கு அனுப்பும் மின்னணுப் பலகைகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஒவ்வொரு காயின் அடியிலும் கம்பிச்சுருள் இருக்கிறது. பலகை அதை வைத்துத்தான் காயை அறிகிறது. சாதாரண செட்டிலிருந்து ஒரு ராணியை எடுத்து வைத்தால் நேரலையில் அந்தக் கட்டம் காலியாகத் தெரியும். சிப்பாய் ராணியாகும்போது வைக்கும் உபரி ராணியும் அதே செட்டில் உள்ளதாக இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் முடிவைப் பலகைக்குத் தெரிவிக்க ஆட்டக்காரர்களோ நடுவரோ ராஜாக்களை நடுவில் வைக்க வேண்டும்: வெள்ளை வென்றால் e4, d5 கட்டங்களில், கறுப்பு வென்றால் e5, d4, சமன் என்றால் ஒன்று வெள்ளைக் கட்டத்தில், ஒன்று கறுப்பில். ஆட்டக்காரர்கள் அப்படியே உட்கார்ந்து அலச ஆரம்பித்தால் அந்த நகர்த்தல்களும் நேரலையில் பதிவாகிவிடும். (இணையத்தில் பார்ப்பவர் கிராண்ட்மாஸ்டருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைப்பார்.) நீங்களாகக் காயைத் தொடாதீர்கள்; நடுவரைக் கூப்பிடுங்கள்.

ஆட்டத்தின்போதும் அதே விதிதான். செல்லாத நகர்த்தலைக் கண்ணால் பார்த்தாலும் ஆட்டக்காரரிடம் வாய் திறக்கக் கூடாது. நடுவரிடம் மட்டும் சொல்லலாம். போன் உள்ளே வராது. சத்தம் போடாத செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள், நடை ரொம்ப இருக்கும்.

மாமல்லபுரத்தில் நேரக் கணக்கு இப்படி: ஒவ்வொருவருக்கும் முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம், தொடக்கத்திலிருந்தே நகர்த்தலுக்கு 30 வினாடி கூடுதல். 60 நகர்த்தல் போனால் இருவருக்கும் சேர்த்து 5 மணி நேரம் வரை ஆகலாம். 3 மணிக்குத் தொடங்கும் சுற்று இரவு 8ஐத் தொடும். கடைசிச் சுற்று மட்டும் காலை 10 மணிக்கு. அதனால் முந்தைய இரவே 700 பலகைகளையும் அடுக்கிவிட்டுத்தான் பேருந்து ஏற முடியும்.