13 வாரத்தில் அடங்காத கேமைத் தொடங்காதீர்கள்

கேள்வி: அக்கா, நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினியியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் கேம் உருவாக்கக் கழகத்துக்கு அடுத்த ஆண்டின் தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போன ஆகஸ்ட்டில் 70 பேர் பெயர் கொடுத்தார்கள். செமஸ்டர் நடுவில் விடுமுறையாக வரும் ரீசெஸ் வாரம் முடிந்து பார்த்தால் ஒன்பது பேர்தான் மிச்சம். மூன்று ஆண்டாக ஒரு பெரிய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கதைக் கேம்) செய்துகொண்டிருக்கிறோம். அதைத் தொடங்கிய சீனியர் வேலைக்குப் போய்விட்டார். கோடு (நிரல்) முழுக்க, கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் அவருடைய கணக்கில் இருக்கிறது. படம் வரைந்து கொடுத்தவர் கழகத்தை விட்டு விலகிவிட்டார், 'என் படங்களை எடுத்துவிடுங்கள்' என்கிறார். கையில் பணமும் அதிகமில்லை. கேம் செய்ய எந்த இன்ஜின், அதாவது அடிப்படை மென்பொருள், நல்லது? ஆட்களை எப்படித் தக்கவைப்பது? ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு ஒரு தமிழ் கேம் செய்ய ஆசை. நடக்குமா?

பதில்: தம்பி, முதலில் அந்த ஆர்பிஜியை மூட்டை கட்டி வையுங்கள். நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளில் பாதி அதோடு தானாகவே தீர்ந்துவிடும்.

இதை அனுபவித்தவள் சொல்கிறேன். நான் படித்த காலத்தில் 14 பேர் சேர்ந்து ஒரு திறந்த உலகக் கேம் தொடங்கினோம். நாடுகள், இனங்கள், அரச வம்சங்கள் எல்லாம் இருந்தன. வம்சாவளி அட்டவணையே நாற்பது பக்கம். ஒன்றரை ஆண்டு கழித்து எங்களிடம் மிஞ்சியது மிக அழகான ஒரு தலைப்புத் திரை. 'தொடங்கு' என்ற பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அந்த 14 பேரில் கேம் துறைக்கு வந்தவர் இருவர்தான். மற்றவர்கள் திறமை இல்லாமல் விலகவில்லை, சலித்துப்போய் விலகினார்கள்.

ஸ்டூடியோவில் சம்பளம் வாங்கும் ஆள் நாளையும் வருவார். கழகத்தில் அப்படியில்லை. ஒருவர் ஆறு மாதம் எக்ஸ்சேஞ்ச் போவார், இன்னொருவருக்கு இன்டர்ன்ஷிப் வரும், மூன்றாமவர் ஹாலில் (மாணவர் விடுதியில்) நாடகம் போடப் போய்விடுவார். எனவே யார் விலகினாலும் நஷ்டமில்லாத அளவுக்கு வேலை சிறிதாக இருக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்குப் பாடம் நடப்பது 13 வாரம். ரீசெஸ் வாரம் அதை இரண்டாக வெட்டுகிறது. அந்த இரண்டு துண்டுகளில் ஒன்றில் முடியக்கூடியதாக ஒவ்வொரு கேமும் இருக்கட்டும்.

சிறிய கேம் என்றால் குழந்தை விளையாட்டு என்று சில சீனியர்கள் முகம் சுளிப்பார்கள். செலஸ்ட் என்ற கேமின் முதல் வடிவத்தை இரண்டு பேர் பிக்கோ-8 என்ற குட்டிக் கருவியில் நான்கே நாளில் செய்தார்கள். உலகமே பேசிய முழு வடிவம் வந்தது 2018இல். நம் ஊரிலும் முன்னுதாரணம் உண்டு. 2012 வரை இயங்கிய சிங்கப்பூர்-எம்ஐடி கேம்பிட் ஆய்வகத்துக்காக இங்கிருந்து மாணவர்கள் அமெரிக்கா போய், கோடை விடுமுறையில் சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கொரு கேமைச் செய்து முடித்துவிட்டு வருவார்கள். ஒரு கோடை, ஒரு கேம். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 70 பேர். எழுபது ஒன்பதானதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. கழக விழாவில் இலவச ஸ்டிக்கருக்காகப் பெயர் கொடுத்தவர்கள் பாதிப் பேர், அவர்கள் போகட்டும். கவலைப்பட வேண்டியது மீதிப் பேரைப் பற்றி. புதிதாக வருகிறவரிடம் 'முதலில் ஆறு வாரம் பாடம், பிறகு புராஜெக்ட்' என்று சொல்லும் கழகங்களே அதிகம். அந்தப் பாடம் யூடியூபில் கிடைக்கிறது. அதற்காக யாரும் கென்ட் ரிட்ஜுக்கோ ஜூரோங்கின் கோடிக்கோ மாலை ஏழு மணிக்கு வந்து உட்கார மாட்டார்கள்.

முதல் கூட்டத்திலேயே கையில் ஒன்றைக் கொடுங்கள். செங்கல் உடைக்கும் பழைய பந்து விளையாட்டு மாதிரி ஒன்றை நீங்களே முன்கூட்டிச் செய்து, வேண்டுமென்றே சப்பென்று வைத்திருங்கள். பந்து மெதுவாகப் போகட்டும், ஒலியே வேண்டாம், செங்கல் உடைந்தால் சும்மா மறையட்டும். இரண்டு மணி நேரத்தில் அதைச் சுவையாக்குவதுதான் வேலை. கோடே தெரியாதவர் ஒரு எண்ணை மாற்றிப் பந்தைப் பறக்கவிடலாம். எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற கருவியில் பொத்தானை அழுத்த அழுத்தப் புதுப்புது ஒலி வரும். லூடம் டேர் என்ற ஜேமில் (ஓரிரு நாளில் கேம் செய்து முடிக்கும் நிகழ்ச்சி) கலந்துகொண்டவர்களுக்காக 2007இல் ஒருவர் எழுதி இலவசமாக விட்டது அது. வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் 'நான் மாற்றியது' என்று காட்ட ஒன்று இருக்கும். அடுத்த வாரம் வருவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

இரண்டாம் வாரமே மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு கூடும், வேலை குறையும். 'எனக்குக் கோடு தெரியாது, வரையத் தெரியாது, ஆனால் ஐடியா இருக்கிறது' என்று ஒருவர் நிச்சயம் வருவார். விரட்டாதீர்கள், ஆனால் ஐடியாவுக்கென்று தனிப் பதவியும் கொடுக்காதீர்கள். லெவல்களை அமைப்பது, பிறரை விளையாடவைத்துக் குறிப்பெடுப்பது என்று கைவேலை கொடுங்கள். ஒரு மாதத்தில் அவர் நல்ல டிசைனர் ஆகலாம். கணினியியல் மாணவர்களை மட்டும் வைத்துக்கொண்டு 'ஆர்ட்டிஸ்ட் கிடைக்கவில்லை' என்று புலம்பும் கழகங்களையும் பார்த்திருக்கிறேன். என்டியூவில் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கலை, வடிவமைப்பு, ஊடகத்துக்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. உங்கள் வளாகத்திலும் கட்டடக்கலை, வடிவமைப்புத் துறைகளின் பக்கம் ஒருநாள் நடந்து பாருங்கள்.

11ஆம் வாரம் காட்சி நாள். அதற்குப் பிறகு எதுவும் வைக்காதீர்கள். தேர்வு நெருங்கும், தீபாவளியும் அதை ஒட்டியே வரும்.

இரண்டாம் செமஸ்டரை ஜேமில் தொடங்கலாம். 2009 முதல் ஆண்டுதோறும் ஜனவரி இறுதியில் குளோபல் கேம் ஜேம் நடக்கிறது. பொதுக் கரு ஒன்றைக் கொடுப்பார்கள். உலகமெங்கும் குழுக்கள் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் கேம் செய்யும். நம் செமஸ்டர் தொடங்கிச் சில வாரமே ஆகியிருக்கும், யார் தலையிலும் அசைன்மென்ட் ஏறியிருக்காது. ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு: இரவில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புங்கள். வளாகத்தில் இரவு தங்க அனுமதி வாங்குவதே பெரும்பாடு. நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயிலும் போய்விடும். மூன்று மணிக்குத் தூங்கி வழிந்துகொண்டு எழுதிய கோடைத் திருத்துவதிலேயே மறுநாள் காலை போய்விடும். சாப்பாடு மட்டும் நன்றாக இருக்கட்டும். ஹலாலும் சைவமும் போதிய அளவு இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பீட்சா வந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை.

இன்ஜின் பற்றி நாள் கணக்கில் சண்டை போடுவார்கள், நான் இரண்டு வரியில் முடிக்கிறேன். எல்லாரும் ஒரே இன்ஜின், முதல் ஆண்டு மாற்றம் கிடையாது. என் தேர்வு கோடோ என்ற இன்ஜின்: யாரும் இலவசமாகப் பயன்படுத்த இடம் தரும் எம்ஐடி உரிமத்தில் வரும் திறந்த மென்பொருள், பழைய மடிக்கணினியிலும் ஓடும். யூனிட்டி என்ற இன்ஜினைக் கற்றால் வேலை கிடைக்கும் என்பார்கள், அதிலும் உண்மை உண்டு. ஆனால் 2023 செப்டம்பரில் இன்ஸ்டால் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் என்று அறிவித்து, ஊரே கொதித்தெழுந்தபின் மறு செப்டம்பரில் அதைக் கைவிட்ட நிறுவனம் அது. மாணவர் அளவில் யூனிட்டியும் இலவசம்தான், கழகப் பணத்தில் உரிமம் வாங்கத் தேவையில்லை. நாலு பேர், ஆறு வாரம் என்ற கணக்குக்கு அன்ரியல் என்ற பெரிய இன்ஜின் தேவையில்லாத பாரம்.

இனி நிஜமான தலைவலிக்கு வருவோம், கோடும் படமும் யாருடையவை என்பது.

சீனியரிடம் கோபமாகப் பேசாதீர்கள். அவர் எதையும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஆரம்பத்தில் யாரோ ஒருவர் கணக்கில் போட வேண்டியிருந்தது, தன் கணக்கில் போட்டார். கிட்ஹப்பில் கழகத்தின் பெயரில் ஒரு ஆர்கனைசேஷன் (குழுவுக்கான பொதுக் கணக்கு) திறக்கலாம், இலவசம். அதில் உங்களையும் துணைத்தலைவரையும், முடிந்தால் ஆலோசகரான பேராசிரியரையும் உரிமையாளர்களாகப் போடுங்கள். ரெப்போவை, அதாவது கோடு இருக்கும் களஞ்சியத்தை, அதற்கு டிரான்ஸ்ஃபர் செய்யச் சொல்லிச் சீனியரிடம் கேளுங்கள். பழைய வரலாறு முழுக்க அப்படியே வந்துவிடும். அவருக்கும் ஐந்து நிமிட வேலைதான். அவர் மறுத்தால், உங்களில் யார் கணினியிலாவது முழுப் பிரதி இருக்கும். ஆனால் பிரதி இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தும் உரிமை வேறு.

சிங்கப்பூரில் இப்போதுள்ள பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்தது. ஊழியர் வேலைக்காகச் செய்தது முதலாளிக்கு என்பது வழக்கம். கழக உறுப்பினர் யாருக்கும் ஊழியரில்லை, எனவே வரைந்தவருக்கே படம், எழுதியவருக்கே கோடு. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் எழுத்தில், கையொப்பத்தோடு கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 'சரிடா, எடுத்துக்கோ' என்றதை நம்பி இருக்காதீர்கள். படைப்பைப் பொதுவில் காட்டும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் வந்த புது உரிமை. ஆகவே அந்த ஓவியர் கேட்பது நியாயம். படங்களை எடுத்துவிடுங்கள், நன்றி சொல்லி ஒரு செய்தியும் அனுப்புங்கள். வெளியிடவே இல்லாத கேமுக்காக ஒரு நட்பை இழக்காதீர்கள்.

அடுத்த தடவை முதல் கூட்டத்திலேயே ஒரு பக்க ஒப்பந்தம் இருக்கட்டும். அவரவர் படைப்பு அவரவருக்கே. இந்தக் கேமை இலவசமாகக் காட்டவும் இணையத்தில் வைக்கவும் கழகத்துக்கு நிரந்தர அனுமதி. விலகினாலும் அந்த அனுமதி நிற்கும். பெயர் கட்டாயம் வரும். விற்பதாக இருந்தால் எல்லாரும் மறுபடி உட்கார்ந்து எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு போதும். கேமைப் பாடத்துக்காகவோ பல்கலைக்கழக மானியத்திலோ செய்திருந்தால் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். இணையத்தில் எடுக்கும் ஒலி, படங்களில் 'வணிக நோக்கம் கூடாது' என்ற உரிமம் உள்ளதைத் தொடாதீர்கள். பின்னால் விற்க நினைக்கும்போது எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் பற்றி ஓரிரு எச்சரிக்கை. 100 எம்பிக்கு மேலான கோப்பைக் கிட்ஹப் ஏற்காது. யாராவது காட்சி நாளுக்கு முந்தைய இரவுதான் அந்தப் பெரிய வீடியோவை உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். ஒரே சீன் கோப்பை (கேமின் ஒரு திரைக்கான கோப்பு) இருவர் ஒரே நேரத்தில் தொடவும் கூடாது. இருவர் மாற்றங்களையும் இணைத்து மெர்ஜ் செய்வதற்குள் உயிர் போகும். 'இன்று மெனு சீன் என்னிடம்' என்று டெலிகிராமில் ஒரு வரி போட்டால் போதும்.

பணத்துக்கு வருவோம். கேம்களை வெளியிட உதவும் இட்ச் தளத்தில் வைக்கக் காசு வேண்டாம். கேம் விற்கும் பெரிய இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 அமெரிக்க டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால்தான் அது திரும்பி வரும். அதைவிட, விற்ற பணம் ஒரு மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும் நிலை வரலாம். வினை அங்கேதான் தொடங்கும். ஓரிரு ஆண்டு ஸ்டீம் ஆசை வேண்டாம். சில நூறு வெள்ளி இருந்தால் இரண்டு கேம்பேட், ஒரு மலிவான பழைய ஆண்ட்ராய்டு போன் வாங்குங்கள், மிச்சத்தை ஜேம் சாப்பாட்டுக்கு வையுங்கள். உங்கள் கேம் அந்தப் பழைய போனில் திக்கித் திணறுவதைப் பார்க்கும் நாளில் நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

தமிழ் கேம் ஆசைதான் எனக்குப் பிடித்தது. நடக்கும். ஆனால் ஏப்ரல் என்பது உங்களுக்குப் பாடங்கள் முடியும் மாதம், தேர்வு மாதம். எனவே ஜனவரி ஜேமில் வந்தவற்றில் ஒன்றைப் பொறுக்கி, பிப்ரவரியில் தமிழாக்கி, மார்ச் நடுவில் கையை எடுத்துவிட வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையினரை மார்ச்சிலேயே அழைத்து விளையாடவிடுங்கள். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள், வாயை மூடிக்கொண்டு அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள்.

எழுத்துதான் சிக்கல். யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. 'கெ' என்று எழுதினால் கணினிக்குள் ககரம் முந்தியும் கொம்பு பிந்தியும் இருக்கும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தமைப்பு மென்பொருளின் வேலை. யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோ அதைச் செய்வதில்லை. கொம்பு பின்னால் தொங்கும். கோடோவின் நான்காம் பதிப்பில் ஹார்ப்பஸ் என்ற எழுத்தமைப்பு நூலகம் உள்ளேயே வருகிறது, அங்கே சரியாக நிற்கும். நான் கோடோவைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எடுக்கலாம், கேமோடு சேர்த்து வெளியிட உரிமம் இடம் தருகிறது. ஆங்கிலத்துக்குப் போதும் எட்டுக்கு எட்டு பிக்செல் கட்டத்தில் நம் 'ணூ' அடங்காது, கட்டத்தைப் பெரிதாக்குங்கள். பொத்தான்களையும் அகலமாகப் போடுங்கள், நம் சொற்கள் நீளம். வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டி வருமே, அந்த இடத்தில் 'கொ' என்பது கணினிக்கு இரண்டு குறியீடு. அப்படியே விட்டால் முதலில் 'க' தோன்றி, அடுத்த நொடி 'கொ' ஆகும். மெய்யையும் குறியையும் சேர்த்து ஒரு எழுத்தாக எண்ணச் சொல்லிக் கோடை எழுத வேண்டும்.

கதை, படம், இசை எதையும் யோசிக்கும் முன், முதல் நாளே காலித் திரையில் 'கொக்கு', 'கேணி', 'கௌதாரி' என்று மூன்று சொல் எழுதி, அந்தப் பழைய போனில் ஓட்டிப் பாருங்கள். கொக்குக்குக் கொம்பு சரியான பக்கம் முளைத்திருந்தால் மேலே போகலாம்.