‘டாக்டர் ஹூ’ தொடரை இத்தனை வருடமாக ஏன் கொண்டாடுகிறார்கள்? அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வியின் கீழே, “பழைய எபிசோடில் செட் சுவர் ஆடுகிறது, ரப்பர் பூதம் வருகிறது, இதையா கொண்டாடுகிறீர்கள்?” என்றும் சேர்த்திருக்கிறீர்கள். ஆமாம், இதைத்தான். அந்தத் தொடரில் எனக்குப் பிடித்தவற்றில் பாதிக்கு மேல், எடுத்தவர்கள் கையில் காசும் நேரமும் இல்லாததால் பிறந்தவை.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இது பிரிட்டனின் பிபிசி டிவியில் வந்த அறிவியல் கற்பனைத் தொடர். டாக்டர் என்பவர் வேற்றுக் கிரகத்துக்காரர். டார்டிஸ் என்ற கப்பலில் காலம், விண்வெளி இரண்டிலும் சுற்றுவார், கூட யாராவது ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வார். பெரும்பாலும் துப்பாக்கி தூக்க மாட்டார், பேசியே பிழைத்துக்கொள்வார். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கப்பல் லண்டன் தெருவோரத்துப் போலீஸ் பெட்டி (அந்தக் காலத்தில் போலீசைக் கூப்பிட வைத்திருந்த டெலிபோன் கூண்டு), உள்ளே போனால் பிரம்மாண்டம்.

இறங்கும் இடத்துக்கு ஏற்றபடி உருவம் மாற்றிக்கொள்ளும் கப்பல் அது என்பதுதான் கதை. ஆனால் ஒவ்வொரு கதைக்கும் புது உருவம் செய்ய பிபிசி கொடுத்த பணம் எங்கே போதும்? உருவம் மாற்றும் கருவி பழுதாகிவிட்டது என்று சொல்லிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். பின்னாளில் அந்த உருவத்தின் வணிகச் சின்ன உரிமைக்காக லண்டன் போலீஸே பிபிசியோடு மல்லுக்கு நின்று, 2002இல் தோற்றது. போலீஸ் பெட்டி போலீசுக்குச் சொந்தமில்லை!

முதல் எபிசோடு 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது. கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள். அதனால் அடுத்த வாரம் அதையே இன்னொரு முறை போட்டுவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போனார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், வயது 24. அன்றைய பிபிசியில் ஓர் இளம் பெண்ணும் ஓர் இந்தியரும் சேர்ந்து நாடகம் எடுப்பது சாதாரணக் காரியமில்லை.

அப்புறம் அந்த டைட்டில் இசை. மெட்டு ரான் கிரெய்னருடையது. அதை ஒலியாக்கியவர் நிகழ்ச்சிகளுக்கு விசேஷ ஒலிகள் செய்துகொடுக்கும் பிபிசி பிரிவான ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப்பில் இருந்த டீலியா டெர்பிஷயர். மின்னணு முறையில் இசை உண்டாக்கும் சிந்தசைசர் கடையில் கிடைக்காத காலம். மீட்டிய ஒற்றைக் கம்பி போன்றவற்றின் சத்தத்தை டேப்பில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து வேறு வேறு சுரங்களாக்கினார். ஒரு சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டுமோ அவ்வளவு நீளத்துக்கு டேப்பை அளந்து, பிளேடால் வெட்டி, அடுத்த துண்டோடு ஒட்டினார். முழுப் பாட்டும் இப்படித்தான். பல தடங்களை ஒன்றாகப் பதியும் இயந்திரம் இல்லாததால், தனித்தனி டேப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப்பாருங்கள், இன்றைக்கும் முதுகு சில்லிடும். இசையில் தனக்குச் சமமாக டெர்பிஷயர் பெயரும் வரவேண்டும் என்று கிரெய்னர் கேட்டிருக்கிறார். பிபிசி விதி இடம் கொடுக்கவில்லை. 2013இல், 50ஆம் ஆண்டுச் சிறப்பு எபிசோடில்தான் திரையில் அவர் பெயர் வந்தது. அதற்குள் அவர் இறந்து 12 வருடம் ஆகிவிட்டிருந்தது. எனக்கு இது இன்னும் ஆறாத விஷயம்.

தொடரைக் காப்பாற்றிய யோசனையும் நெருக்கடியில் வந்ததுதான். முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியாமல் வசனம் மறந்துகொண்டே வந்தது. 1966 அக்டோபரில் அவர் விலகியபோது கதாநாயகன் தரையில் சாய்ந்து வேறு ஆளாக எழுந்தார். முகம், குணம், பேச்சு எல்லாம் புதிது, ஆள் மட்டும் அதே ஆள். இந்த ஓர் ஏற்பாட்டில்தான் அறுபது வருடம் வண்டி ஓடுகிறது. ஒவ்வொரு ரசிகருக்கும் ‘என் டாக்டர்’ என்று ஒருவர் இருப்பார். எனக்கு பீட்டர் கபால்டி. ஆட்சேபம் இருந்தால் கமெண்டில் வாருங்கள்.

அந்த உருமாற்றம் நடந்த எபிசோடு இன்று கையில் இல்லை என்பதுதான் கொடுமை. பழைய டேப்புகளை பிபிசி அழித்து மறுபடி பயன்படுத்தியது. அந்தக் காட்சி மட்டும் ‘புளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்துப் போட்டதால் தப்பித்தது. ஆனால் காணாமல் போன எபிசோடுகள் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. எப்படி? வீட்டில் டிவிக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த பிள்ளைகள் இருந்தார்கள். நிறுவனம் தூக்கிப் போட்டதை ரசிகர்கள் காப்பாற்றினார்கள். அந்த ஒலிக்குத்தான் இப்போது அனிமேஷன் செய்து வெளியிடுகிறார்கள்.

1989இல் தொடர் நின்றது. நடுவே 1996இல் ஒரே ஒரு டிவி படம் வந்தது, அதோடு சரி. அந்தக் காலத்தில் நாவலாகவும் ஒலி நாடகமாகவும் அதை உயிரோடு வைத்திருந்தவர்களில் பலர் சிறு வயதிலிருந்தே ரசிகர்கள். அப்படி ஒரு நாவல் எழுதிய ரஸல் டி டேவிஸ்தான் 2005இல் தொடரைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒலி நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த டேவிட் டெனன்ட் பத்தாவது டாக்டர் ஆனார். நம்ம கபால்டி பள்ளி நாட்களிலேயே இந்தத் தொடரைப் பற்றி ‘ரேடியோ டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அறுபதுகளின் கதைகள் சில இழுவையோ இழுவை. 1977இல் வந்த ஒரு கதையில் வெள்ளைக்கார நடிகருக்குச் சீனர் வேடம் போட்டிருப்பார்கள், இன்று பார்க்க நெளிய வேண்டியிருக்கிறது. புதிய தொடரிலும் சொதப்பல்கள் உண்டு.

எங்கே தொடங்குவது? 2007இல் வந்த ‘பிளிங்க்’. ஒரே நேரத்தில் இரண்டு எபிசோடுகள் எடுக்க வேண்டிய நெருக்கடி, கதாநாயகனுக்கு நேரமில்லை. அதனால் டாக்டரே பெரும்பாலும் வராத ஒரு கதையை ஸ்டீவன் மோஃபட் எழுதினார். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை கல்லாக நிற்கும் தேவதைச் சிலைகள், கண்ணைச் சிமிட்டினால் நகரும். கதையில் யாரும் பார்க்காத நேரத்திலும் திரையில் அவை அசைவதை நாம் பார்க்கவே மாட்டோம். ஏனென்றால் அப்போது நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோமே! கிராஃபிக்ஸ் பூதம் எதுவும் என்னை இந்த அளவுக்குப் பயமுறுத்தியதில்லை.

அது பிடித்தால் 2005க்குப் போய் வரிசையாகப் பாருங்கள். முதல் சீசனின் தரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ஹெவன் சென்ட்’ ஒன்றை மட்டும் யார் சிபாரிசு செய்தாலும் முதலில் பார்க்காதீர்கள். கபால்டி கிட்டத்தட்ட தனியாளாக நடித்த எபிசோடு அது. அவருடைய முந்தைய கதைகள் தெரியாமல் பார்த்தால் பாதி வீணாகிவிடும்.