செம்பனைச் சின்னத் தோட்டம்: பறவையும் பணமும் – கேள்வி பதில்

சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) 5, 6 ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்க்கிறவராக) இருந்துவிட்டு இப்போது சொந்தமாக 5 ஏக்கர் பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, எஸ்டேட்டிலும் செம்பனைதான், நம்மிடமும் செம்பனைதான். நம்ம பக்கம் மட்டும் எப்படிப் பறவை அதிகம்?

மரம் ஒன்றுதான், ஓரம்தான் வேறு. 100 ஏக்கர் ஒரே சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 2.5 கிலோமீட்டர். அதையே 20 குடும்பம் ஐந்தைந்து ஏக்கராகப் பிரித்துக்கொண்டால் எல்லைக் கோடு மொத்தம் 7 கிலோமீட்டரை நெருங்கும். அந்த எல்லையில்தான் நாம் வாழை வைக்கிறோம், மரவள்ளி நடுகிறோம், ஒரு ரம்புத்தான் நிற்கிறது. என் கால்வாய் ஓரத்து வாழை மட்டையில் தினமும் காலையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். வாழையை வெட்டினால் அது வராது.

அப்போ பெரிய நிலத்துக்காரனுக்கு மட்டும் எப்படி லாபம் வருகிறது?

ஜெர்மனியைப் பாருங்கள். 1950-களில் கிழக்கே சிறு விவசாயிகளின் நிலங்களைக் கட்டாயமாக ஒன்றுசேர்த்தார்கள். மேற்கே சின்ன வயல்கள் அப்படியே இருந்தன. 2017-ல் வெளிவந்த ஆய்வின்படி, மேற்கில் வயல் ஓரம் 70 சதவீதத்துக்கும் மேல் நீளம், உயிரினங்களும் அதிகம். ஆனால் விளைச்சல் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், அதே அளவு நிலத்துக்குக் கிழக்கில் லாபம் 50 சதவீதம் கூடுதல்.

விளைச்சல் ஒன்று, லாபம் வேறு என்றால் வித்தியாசம் செலவில் இருக்கிறது. நம்ம கதையும் அதுதான். உரம் நாலு மூட்டையாக வாங்குகிறோம், லாரிக்குத் தனியாகக் கொடுக்கிறோம், குலை வாங்கும் டீலர் சொல்கிற விலைக்குத் தலையாட்டுகிறோம். வேலியோர வாழை நம்மை ஏழையாக்கவில்லை.

எலி பழத்தைக் கடித்துத் தள்ளுகிறது. எலி பிடிக்கும் கூகை ஆந்தை கூடு வைக்க ஒரு பெட்டி வைக்கலாம் என்றால், ஆந்தை அலறினால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் மாமியார்.

அக்கா, பெட்டி வைத்திருக்கும் ஒருவர் தோட்டத்துக்கு உங்கள் மாமியாரைக் கூட்டிப் போங்கள். பெட்டிக்குக் கீழே கூகை கக்கிய கறுப்பு உருண்டைகள் கிடக்கும். நான் ஒன்றைக் குச்சியால் உடைத்துப் பார்த்தேன், உள்ளே முடியோடு மூன்று எலி மண்டை. குஞ்சு வைத்திருக்கும் ஒரு ஜோடி வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் எலி பிடிக்கும்.

ஒரு பெட்டி சுமார் 25 ஏக்கருக்குப் போதும். 5 ஏக்கர்காரர் தனியாக வைப்பதைவிட ஐந்து வீடு சேர்ந்து ஒன்று வைக்கலாம். கூகைக்கு உங்கள் எல்லைக்கல் தெரியாது. ஆனால் ஐந்து பேரும் எலி விஷத்தை நிறுத்த வேண்டும், குறிப்பாக ப்ரோடிஃபாகம். விஷம் தின்று தள்ளாடும் எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும். அதுவும் சாகும்.

புல் மருந்து முழுசா அடிக்கலாமா?

வேண்டாம். மரத்தைச் சுற்றி வட்டமாகவும், குலை வெட்டப் போகும் பாதையிலும் மட்டும் அடியுங்கள். இடையில் பெரணி நிற்கட்டும், மண் ஈரம் காக்கும். பாதை ஓரத்தில் மஞ்சள் பூ டுர்னெரா நடுங்கள். செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவை அழிக்கும் குளவிகளுக்கு அதன் தேன் உணவு. பாராகுவாட் என்ற புல் மருந்து 2020-லேயே தடையாகிவிட்டது, பழைய டப்பா இருந்தாலும் தொடாதீர்கள்.

குளவிக்குப் பூ நடச் சொல்கிறீர்கள். பூச்சியால் காசு வருமா, நம்புகிற மாதிரி இல்லையே?

தம்பி, உங்கள் பாட்டியைக் கேளுங்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே நம்ம பக்கத்துத் தென்னமரம்தான், 1917. ஒரு காலத்தில் பல தோட்டங்களில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981-ல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது, குலையில் காயும் கூடியது. ஆண் பூவில்தான் அது முட்டையிடும். அதனால் ஆண் பூவை வீணென்று வெட்டிப் போடாதீர்கள்.

அப்போ நிலத்தை எல்லாரும் ஒன்றாக்கிவிடலாமா?

வேலியைப் பிடுங்க வேண்டாம், லாரியை ஒன்றாக்குங்கள். 5 ஏக்கரில் மாதம் இரண்டரை டன் வெட்டுகிறீர்கள் என்றால் ஐந்து வீட்டுக்குப் பன்னிரண்டரை டன். ஒரே நாளில் வெட்டி, அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். அந்த எடையோடு போய் டீலரிடம் விலை பேசுங்கள். உரத்தையும் ஐந்து பேர் கணக்கில் சேர்த்தே வாங்குங்கள்.